கடலை நோக்கி ஒரு தொடர் வைப்பு

மைசூரிலிருந்து மங்களூருக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மலைப்பாதையில் நிதானமாகச் சென்றாலும் காரில் ஆறேழு மணி நேரம் போதும். எங்களுக்கோ அங்குச் சென்று சேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

எங்கள் திருமணம் 1996-ஆம் ஆண்டு நடைபெற்றது. பணி நிமித்தம் மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. மேற்குக் கடற்கரையை ஒட்டிய நெடுஞ்சாலையில் இருவருமாக ஒரு முறை பயணம் செய்ய வேண்டும் என்று அன்றே பேசிக்கொண்டோம். 2001-இல் அதற்கென்றே மாதம் 500 ரூபாய் வீதம் வங்கியில் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினோம். மாமனாரின் இதயச் சிகிச்சைக்காக அதை இடையிலேயே முடித்துப் பணம் எடுத்தோம். பின்னர்த் தொடங்கிய இரண்டாவது வைப்பு மகளின் பொறியியற் கல்லூரிக் கட்டணத்துக்குப் பயன்பட்டது. இரண்டுக்காகவும் நாங்கள் வருந்தியதில்லை. சேமிப்பு என்பதே ஆபத்துக் காலத்தில் கைகொடுப்பதற்குத்தானே!

2022 ஜூலையில் மாதம் 2,000 ரூபாய் வீதம் மூன்றாண்டுக் காலத்துக்கு மூன்றாவது வைப்பைத் தொடங்கினோம். மகள் இங்கிலாந்தில் பணியில் சேர்ந்திருந்தாள். கார்ன்வால் கடற்கரைச் சாலையில் தோழியருடன் கார் ஓட்டிச் சென்ற படங்களை அனுப்பி, “நீங்களும் வாருங்கள்” என்று அழைத்தாள். முதலில் நம் ஊர்க் கடலைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பதில் எழுதினோம்.

2024 ஏப்ரலில் மூக்குக் கண்ணாடி மாற்றச் சென்றபோதுதான், எங்கள் இருவருள் கணவருக்குக் கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் இருப்பது தெரிய வந்தது. இந்நோய் வலியின்றி வருவது. பார்வையின் ஓரங்களைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்வது. இழந்த பார்வை திரும்புவதில்லை. சொட்டு மருந்தால் மேலும் இழக்காமல் காக்க முயலலாம், அவ்வளவே. “இரவில் கார் ஓட்ட வேண்டாம். பகலில் இப்போதைக்கு ஓட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதித்து, மேற்கொண்டு ஓட்டலாமா என்று முடிவு செய்வோம்” என்றார் மருத்துவர்.

அன்று வீடு திரும்பும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரவு உணவுக்குப் பின் மனைவி சொன்னது ஒன்றே: “நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன்.” ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, செப்டம்பரில் உரிமமும் பெற்றார்.

அடுத்து எழுந்தது பணக் கேள்வி. வைப்பு முதிர்வதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. முதிர்வுக்கு முன் முடித்தால், பணம் இருந்த காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும். அதிலும் பெரும்பாலும் ஒரு சிறு குறைப்பு உண்டு. வைப்பை ஈடாக வைத்துக் கடன் பெறும் வழியும் இருந்தது. இருவரும் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தோம். இருபத்தொன்பது தவணைகளில் நாங்கள் செலுத்தியிருந்தது 58,000 ரூபாய். முன்கூட்டி முடிப்பதால் இழக்கும் வட்டி எண்ணூறு ரூபாயை எட்டவில்லை. ஓர் இரவு விடுதி வாடகைக்கும் குறைவான அத்தொகைக்காக ஏழு மாதப் பார்வையைப் பணயம் வைப்பதா? இரு முறை பிறருக்காக முறித்த வைப்பை இம்முறை எங்களுக்காக முறித்தோம்.

டிசம்பர் மாதத்தில் ஒரு விடியற்காலையில் புறப்பட்டோம். ஹுன்சூர், குஷால்நகர் வழியாக மடிக்கேரி வரை கணவரே ஓட்டினார். குடகின் காப்பித் தோட்டங்களைக் கடந்ததும் சாலை சம்பாஜே நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. 2018 ஆகஸ்டு பெருமழையில் நிலச்சரிவுக்கு உள்ளான பாதை இது. மழைக்காலத்தில் இவ்வழி செல்வோர் நிலைமையை விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

அந்த இறக்கத்தில் ஒரு வளைவு. மரநிழல் சாலையை மூடியிருந்தது. இடப்புறம் ஒதுங்கிச் சென்ற இரு சக்கர வாகனம் கணவரின் கண்ணுக்குப் படவே இல்லை. மனைவி குரல் கொடுக்க, கார் குலுங்கி நின்றது. வாகனத்தில் சென்றவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தம் வழியே போய்விட்டார். நாங்கள்தான் நெடுநேரம் நகரவில்லை. பிறகு கணவர் கீழே இறங்கி, காரைச் சுற்றி வந்து, மறுபுறக் கதவைத் திறந்தார். முப்பதாண்டுகளாக ஓட்டிய கை சாவியை ஒப்படைத்தது. அதன்பின் இன்றுவரை அவர் ஓட்டவில்லை.

மலைப்பாதையில் ஓட்டி அறியாதவர் மனைவி. இரண்டாம் கியரிலேயே சுள்ளியா வரை இறங்கினோம். பின்னால் வந்தவர்கள் பொறுமையிழந்து ஒலி எழுப்பினார்கள். “போகிறவர்கள் போகட்டும், ஓரமாக நிறுத்தி வழிவிடு” என்று கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். புத்தூர், பண்ட்வால் கடந்து மங்களூரை அடைகையில் மாலையாகிவிட்டது.

மறுநாள் தேசிய நெடுஞ்சாலை 66 வழியாக உடுப்பிக்குச் சென்றோம். ஏறக்குறைய 55 கிலோமீட்டர். கிருஷ்ணர் கோயிலில் கனகதாசரின் பெயர் தாங்கிய சாளரத்தின் வழியே இறைவனைத் தரிசித்தோம். உணவகத்தில் தட்டில் வந்தது ‘நீர் தோசை’. பெயரைத் தமிழில் சொல்லவே தேவையில்லை. அரிசி மாவை நீர்க்கக் கரைத்து ஊற்றிய மென்மையான தோசை அது. புளிக்க வைப்பதும் இல்லை.

உடுப்பியில் வங்கி வாடிக்கையாளர் எவரும் காண வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1906 மார்ச்சில் ஹாஜி அப்துல்லா ஹாஜி காசிம் சாகிபு பகதூர் இங்கே ஒரு வங்கியைத் தொடங்கினார். பின்னாளில் கார்ப்பரேஷன் வங்கி என்று அறியப்பட்டது அதுவே. தொடக்க மூலதனம் 5,000 ரூபாய். முதல் நாள் முடிவில் அதன் கையிருப்பு 38 ரூபாய் 13 அணா 2 பை. அவர் வாழ்ந்த இல்லம் இன்று பழம் நாணயங்களைக் கொண்ட அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அதே 1906-இல் மங்களூரில் அம்மெம்பாள் சுப்பாராவ் பை தொடங்கிய நிதியமே கனரா வங்கியாயிற்று. 1925-இல் நலிவுற்ற கைத்தறி நெசவாளருக்கு உதவும் நோக்குடன் உடுப்பியில் சிண்டிகேட் வங்கி உருவாயிற்று. 1931-இல் மங்களூரில் விஜயா வங்கி பிறந்தது. பின்னாளில் நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கிகளுள் நான்கு, பிரிவினைக்கு முந்தைய தென் கன்னட மாவட்டம் ஒன்றிலேயே தோன்றியவை. இவற்றுள் கார்ப்பரேஷன், சிண்டிகேட், விஜயா ஆகிய மூன்றும் 2019, 2020 ஆண்டுகளில் வேறு வங்கிகளுடன் இணைந்துவிட்டன.

எங்களை மிகவும் கவர்ந்தது சிண்டிகேட் வங்கி 1928-இல் தொடங்கிய ‘பிக்மி’ சேமிப்புத் திட்டம். முகவர் ஒருவர் நாள்தோறும் வீடு தேடி வந்து இரண்டணா அளவிலான சிறு தொகையையும் பெற்றுச் செல்வார். ரூபாயில் எட்டில் ஒரு பங்கு அது. வங்கிப் படியேறத் தயங்கியவர்களின் வாசலுக்கு வங்கியே சென்றது. எங்கள் 500 ரூபாய்த் தொடர் வைப்பும் அந்த இரண்டணாவின் வழித்தோன்றல்தான் என்று எண்ணிக்கொண்டோம்.

அதற்கு மறுநாள் மல்பேயிலிருந்து படகேறிச் செயின்ட் மேரி தீவுகளுக்குச் சென்றோம். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகித் தூண்களாய் நிற்கும் பாறைகள் அங்குள்ளன. மடகாஸ்கர் இந்தியாவிடமிருந்து பிரிந்த காலத்தவை என்கின்றனர் புவியியலாளர். மழைக்காலத்தில் அங்குப் படகுப் போக்குவரத்து இல்லை.

நான்காம் நாள் காலை குந்தாப்பூரைக் கடந்து மரவந்தேயை அடைந்தோம். அங்கே நெடுஞ்சாலையின் இடப்புறம் அரபிக் கடல். வலப்புறம் சௌபர்ணிகை ஆறு. நடுவே ஒரு சாலை மட்டும். மனைவி வேகத்தைக் குறைத்து, கண்களைச் சாலையிலேயே பதித்து ஓட்டினார். கணவர் சன்னலை இறக்கிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். “முப்பது வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் நான் பார்த்தது தார்ச்சாலையைத்தான்” என்றார். “எனக்கும் பார்க்க வேண்டும், சற்று நிறுத்துகிறேன்” என்றார் மனைவி. பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்திவிட்டு இருவரும் மணலில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் முருடேஸ்வர். கடலோரத்தில் 123 அடி உயரத்தில் வீற்றிருக்கும் சிவபெருமானை வணங்கிவிட்டு மைசூர் திரும்பினோம்.

வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்கள், கண் அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கான பரிசோதனை மட்டும் போதாது. அடுத்து, சேமிப்பின் காலத்தை அதன் நோக்கத்துக்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பது நீண்ட காலத்துக்கு இருக்கட்டும். இருவருமாகச் செல்ல விரும்பும் பயணத்துக்கான சேமிப்புக்கு அத்தனை நீண்ட தவணை வேண்டாம்.

திரும்பிய வாரமே வங்கிக்குச் சென்று நான்காவது தொடர் வைப்பைத் தொடங்கினோம். கார்ன்வால் சாலை காத்திருக்கிறது. கால அளவு எவ்வளவு என்று கிளையில் கேட்டார்கள். பன்னிரண்டு மாதம் என்றோம்.