மலிவுக் கிட்டாருக்கு மதிப்பு வருமா?

மின்சாரம் இல்லாமல் வாசிக்கும் சாதாரண மரக் கிட்டாருக்கு நம் நாட்டில் வழங்கும் பெயர் 'கித்தார் காப்போக்'. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். காப்போக் என்றால் இலவம் பஞ்சு மரம். அப்படியானால் இந்தக் கிட்டாரை இலவ மரத்தில் செய்கிறார்களா? இல்லை. அந்த மரம் மிகவும் மென்மையானது, கிட்டாருக்கு ஏற்றதன்று. காப்போக் என்பது ஒரு வணிகப் பெயர். சீனாவின் குவாங்சோ நகரத்திலிருந்து இலவம்பூவின் பெயரைத் தாங்கி மலிவுக் கிட்டார்கள் வந்தன. செவ்விலவம்பூ அந்த நகரத்தின் அடையாளப் பூ. விலை குறைவாக இருந்ததால் அந்தக் கிட்டார் பட்டணத்து இளைஞர் கையிலும் தோட்டத்து இளைஞர் கையிலும் எளிதாகப் புகுந்தது. நாளடைவில் ஒரு கம்பெனியின் பெயரே அந்த வகை வாத்தியம் முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. இவ்வாறு மலிவுக்குப் பெயர் போன ஒரு கம்பெனி, தேர்ந்த கைவினைஞர்களை வைத்துக் கையாலேயே ஓர் அருமையான கிட்டாரைச் செய்து, பத்தாயிரம் வெள்ளி என்று விலை சொன்னால் யாராவது வாங்குவார்களா? அல்லது அந்தக் கம்பெனியின் நிலை இலவு காத்த கிளியின் கதையாக முடியுமா? இதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

முதலில், விலை ஏன் வேறுபடுகிறது என்று பார்ப்போம். கிட்டாரின் உயிர் அதன் மேற்பலகையில் இருக்கிறது. தந்தி அதிரும்போது அந்தப் பலகையும் சேர்ந்து அதிர்வதால்தான் ஓசை பெருகி நம் காதுக்கு வருகிறது. மலிவுக் கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது. அது உறுதியானது; ஆனால் தாராளமாக அதிராது. விலை உயர்ந்த கிட்டாரில் மேற்பலகை முழு மரத்தால் ஆனது. ஸ்புரூஸ், செடார் போன்ற மரங்களை நன்றாக உலரவைத்து, அறுத்து, இழைத்து அதைச் செய்கிறார்கள்.

இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பளுவுக்குச் சமமான விசையோடு அந்தப் பலகையை இழுக்கின்றன. பலகை தடித்திருந்தால் இழுப்பைத் தாங்கும், ஓசை மங்கும். மெலிந்திருந்தால் ஓசை மலரும், ஆனால் பலகை வளைந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கண்டுபிடிப்பதே கைவினைஞரின் திறமை. இரண்டு மரத்துண்டுகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே அவர் பலகையை விரலால் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டு, உள்ளே இருக்கும் தாங்குச் சட்டங்களைச் சிறிது சிறிதாகச் சீவுகிறார். தொழிற்சாலையிலோ எல்லாப் பலகைக்கும் ஒரே அளவுதான். எது உடைந்து திரும்பி வந்தாலும் நட்டம் என்பதால் அந்த அளவைச் சற்றுத் தடிப்பாகவே வைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்யும். தனியொரு கைவினைஞர் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் பத்து இருபதுக்கு மேல் செய்வது அரிது. விலை வேறுபடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் திறமை ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமா? இல்லை. நல்ல மரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம், ஆட்களைப் பழக்கலாம். மலிவுக் கம்பெனியாலும் நல்ல கிட்டார் செய்ய முடியும். சிக்கல் பெயரில் இருக்கிறது. பத்தாயிரம் வெள்ளி கொடுக்கிறவர் ஓசையை மட்டும் வாங்குவதில்லை. நாளைக்குப் பழுதானால் பார்ப்பார்களா, பத்து ஆண்டு கழித்து விற்றால் என்ன கிடைக்கும், மேடையில் அமர்ந்தால் சபையோர் என்ன நினைப்பார்கள் என்ற கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கிட்டாரின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கம்பெனிகளும் இதை அறிந்தே நடக்கின்றன. அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1982இல் மலிவு விலைக் கிட்டார்களை வெளியிட்டபோது, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவற்றுக்கு ஸ்கொயர் என்று தனிப் பெயர் சூட்டியது. மேலிருந்து கீழே இறங்குகிறவருக்கே தனிப் பெயர் தேவைப்படுகிறது என்றால், கீழிருந்து மேலே ஏறுகிறவர் என்ன செய்வது? உலகில் மூன்று வழிகளைக் காண்கிறோம்.

முதல் வழி, வேறு பெயரில் ஏறுவது. காப்போக் கிட்டார் பிறந்த அதே குவாங்சோவில் 1956இல் தொடங்கிய பேர்ல் ரிவர் கம்பெனி, குறைந்த விலைப் பியானோக்களை ஏராளமாகச் செய்து உலகிலேயே பெரிய பியானோ உற்பத்தியாளராக வளர்ந்தது. ஆயினும் கைவேலை மிகுந்த உயர்ந்த பியானோக்களைத் தன் பெயரில் விற்காமல், கைசர்பர்க் என்ற ஜெர்மானியச் சாயலுள்ள பெயரில் விற்றது. பிறகு 1885இல் தோன்றிய ஜெர்மனியின் ஷிம்மல் பியானோ கம்பெனியின் பெரும்பங்கை 2016இல் வாங்கியது. பெயரை விரைவில் வளர்க்க முடியாதவர், வளர்ந்த பெயரை விலைக்கு வாங்குகிறார்.

இரண்டாம் வழி, இழந்த பழைய பெருமையை மீட்பது. நியூயார்க்கில் கிரேக்க வம்சாவளிக் குடும்பம் ஒன்று நடத்திய எப்பிஃபோன், ஒரு காலத்தில் கிப்சனுக்கே போட்டியாக விளங்கியது. 1957இல் அது கிப்சன் கைக்கு மாறியது. 1965இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, 'யெஸ்டர்டே' பாடலுக்கு எப்பிஃபோன் கிட்டாரைத்தான் வாசித்தார். 1970 வாக்கில் உற்பத்தி ஜப்பானுக்கும், பின்னர் மற்ற ஆசிய நாடுகளுக்கும் போயிற்று. எப்பிஃபோன் என்றால் கிப்சன் வாங்க வசதியில்லாதவரின் கிட்டார் என்று ஆயிற்று. 2020க்குப் பிறகு சில வகைகளை மீண்டும் அமெரிக்காவில் செய்து, பல மடங்கு அதிக விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். பழைய சரித்திரம் ஒன்று கையில் இருந்ததால் அந்த விலையைத் துணிந்து சொல்ல முடிந்தது.

மூன்றாம் வழிதான் கடினமானது. அதே பெயரில், பொறுமையாக ஏறுவது. 1887இல் ஜப்பானின் ஹமமட்சு நகரத்தில், ஒரு பள்ளியில் பழுதாகிக் கிடந்த ஆர்கனைச் சரிசெய்து கொடுத்தவர் தொராகுசு யமஹா. அவர் தொடங்கிய கம்பெனி 1966இல் வெளியிட்ட எஃப்.ஜி. கிட்டார்கள் ஒட்டுப்பலகையால் ஆனவை. மாணவர்களுக்கு ஏற்ற விலை. அதே கம்பெனி ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர்களிடம் நுணுக்கம் கற்றுக் கைவேலைக் கிட்டார்களும் செய்தது. 1967இல் பெரிய கச்சேரிப் பியானோவை வெளியிட்டது. ரஷ்ய மேதை ரிக்டர் அதை விரும்பி வாசித்தார். 2010இல் வார்சாவின் ஷோப்பின் போட்டியில் முதற்பரிசு பெற்ற யூலியானா அவ்தியேவா வாசித்தது யமஹா பியானோ. 1967க்கும் 2010க்கும் இடையே 43 ஆண்டுகள்! விளம்பரம் செய்ய முடியாத வேலையை, கற்றறிந்த கலைஞர்களின் கைகள் செய்து முடித்தன. அவ்வளவு காலமும் மலிவு வாத்தியத்தின் தரத்தைக் கம்பெனி கைவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். யமஹாவின் மாணவர் கிட்டாரில் கற்றவர்தாம், பிறகு அதன் உயர்ந்த கிட்டாரையும் நம்பி வாங்கினார்.

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுதான்: மலிவுப் பெயர் மதிப்புப் பெயராக மாறலாம். ஆனால் உயர்ந்த பொருளை மட்டும் நன்றாகச் செய்தால் போதாது. மலிவுப் பொருளையும் நாணயமாகச் செய்திருக்க வேண்டும். ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்கவும் வேண்டும். இந்த நாட்டில் காப்போக் என்ற பெயருக்கு அது மேலும் கடினம். பொதுப்பெயராகிவிட்ட பெயரில் அன்பு இருக்கும், அருமை இருக்காது.

பெரிய கம்பெனி இல்லாமலே பெயர் வாங்கியவரும் நம்மிடையே உண்டு. கோலாலம்பூரின் கிட்டார்க் கைவினைஞர் ஜெஃப்ரி யோங், நாம் சாலையோரத்தில் நிழலுக்கு ஒதுங்கும் தூங்குமூஞ்சி மரம் போன்ற உள்ளூர் மரங்களில் கிட்டார் செய்து வெளிநாட்டிலும் அறியப்பட்டவர். தூங்குமூஞ்சி மரத்துக்குக் கிட்டார் உலகில் முன்பு என்ன மதிப்பு இருந்தது? பெயரில்லாத மரத்துக்கும் செய்கிற கை மதிப்பைத் தேடித் தருகிறது.

பெற்றோருக்கு இரண்டு யோசனைகள். பிள்ளை கிட்டார் கற்க விரும்பினால், முதலில் கையாலே செய்த விலையுயர்ந்த வாத்தியம் தேவையில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி. பல நேரங்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும். முழு மரக் கிட்டார்களுக்கு ஏற்றது சுமார் 45 முதல் 55 விழுக்காடு. நம் வீட்டில் அவை உப்பும். குளிர்சாதன அறைக்குள் திடீரென்று உலர்ந்தால் வெடிக்கவும் கூடும். ஒட்டுப்பலகைக் கிட்டார் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவது, எந்த விலையாக இருந்தாலும் தலைப்பகுதியைப் பார்க்கும் முன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்து நேராக இருக்கிறதா, தந்தி விரலுக்கு எட்டாமல் உயர்ந்து நிற்கிறதா, மேலும் கீழும் சுருதி சேர்கிறதா என்று பாருங்கள்.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேட்ட மாத்திரத்தில் அவன் திறமையை அளந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாத்தியத்துக்கும் நாம் அதையேதான் செய்கிறோம். பெயர் என்பது நேற்றுவரை நடந்ததன் கணக்கு. இன்றைய ஓசையைக் காதால்தான் அறிய முடியும். யமஹாவுக்கு அந்த வாய்ப்பைச் சிலர் கொடுத்ததால்தான் உலகம் ஒரு நல்ல வாத்தியத்தைப் பெற்றது. நாமும் முதலில் கேட்போம், பிறகு விலை மதிப்போம்.