கோழித் தீனும் சல்மொனெல்லாக் கிருமியும்

கோழித் தீன் வாங்குவோர் அதன் நிறத்தையும் மணத்தையும் நோக்குவர். பூஞ்சணம் பிடித்துள்ளதா, புழு வைத்துள்ளதா என்று கையில் அள்ளிப் பார்ப்பர். இவை வேண்டிய சோதனைகளே. ஆயினும் இவற்றுக்கு அகப்படாத பகை ஒன்றுண்டு. சல்மொனெல்லா என்னும் பற்றீரியா கலந்த தீனின் நிறம் மாறாது, மணமும் கெடாது. அதனைத் தின்ற வளர்ந்த கோழி பெரும்பாலும் நோயுற்றதாகத் தோன்றாது, வழக்கம்போல் முட்டையிடும். அந்த முட்டையையோ இறைச்சியையோ நன்கு வேகாத நிலையில் உண்ட மனிதருக்கே காய்ச்சலும் வயிற்று வலியும் பேதியும் உண்டாகும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது உயிராபத்தாகவும் முடியலாம்.

தீன் வழியாக இக்கிருமி எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி சான்றாகும். சல்மொனெல்லாவில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் ‘அகோனா’ என்பது 1952 ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் கானாவில் முதலிற் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் அது பிற நாடுகளில் மிக அரிதாகவே காணப்பட்டது. 1970 ஆம் ஆண்டையொட்டித் தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து ஏற்றுமதியான மீன்தூளில் அது கலந்திருந்தது. அம்மீன்தூள் கோழித் தீனிற் சேர்க்கப்பட்டது. 1972 இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் ஓர் உணவகத்தில் உண்டோர் நோயுற்றனர். ஆராய்ந்தவர்கள் உணவகத்திலிருந்து கோழிப் பண்ணைக்கும், பண்ணையிலிருந்து அங்கு பயன்பட்ட பெரு நாட்டு மீன்தூளுக்கும் தடம்பற்றிச் சென்றனர். அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒல்லாந்திலும் இஸ்ரேலிலும் இவ்வகைக் கிருமி பரவியது. ஒரு கடற்கரையில் அரைத்த தூள் பல நாட்டு மக்களின் குடலை எட்டியது.

இத்தகைய பகையை அடக்க இயலாதோ எனின், இயலும். சுவீடன் நாட்டில் 1953 ஆம் ஆண்டில் ஆல்வெஸ்டா என்னும் ஊரின் இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய சல்மொனெல்லா நோய் ஏறத்தாழ 9,000 பேரைத் தாக்கி, 90 பேரளவில் உயிர் கொண்டது. அதன் பின்னர் அந்நாடு பண்ணையையும் இறைச்சிக் கூடத்தையும் மட்டுமன்றித் தீன் ஆலையையும் கண்காணிக்கத் தலைப்பட்டது. அங்கே முடிந்த தீனை மட்டும் சோதிப்பதில்லை. இயந்திரங்களினுள்ளே படியும் தூசியையும் சுரண்டி எடுத்துச் சோதிக்கின்றனர். காரணம் எளிது. கிருமி தீன் முழுவதிலும் சமமாகப் பரவியிராது. ஒரு மூலையிற் கட்டியாய் இருக்கும். ஒரு பிடி தீனிற் கிருமி இல்லையெனின், மூடை முழுதும் தூயதென்று கொள்வதற்கில்லை.

இக்கிருமியின் இயல்பை இரண்டு செய்திகளில் அடக்கிக் கூறலாம். முதலாவது, உலர்ந்த தீனில் அது பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. மாதக் கணக்கில் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டவுடன் விழித்துப் பெருகும். வன்னியின் வெப்பம் அதற்கு மிக உகந்தது. இரண்டாவது, வெப்பத்தால் அது மடியும். எனினும் உலர்ந்த வெப்பத்தைப் பெருமளவு தாங்கும். ஆகவேதான் ஆலைகளில் தீனை நீராவியோடு சேர்த்து, 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிக் குளிகைகளாக அழுத்துகின்றனர். சில ஆலைகள் போர்மிக் அமிலம், புரொப்பியோனிக் அமிலம் முதலியவற்றையும் சேர்க்கின்றன.

எனினும் வெப்பம் அந்நேரத்திலுள்ள கிருமியைக் கொல்லுமேயன்றி, பின்னர் வருவதைத் தடுக்காது. சூடான குளிகை ஆறும்போது இயந்திரத்தின் குளிர்ந்த பகுதியில் நீர்த்துளி படியும். அத்துளியில் தூசி ஒட்டும். அங்கே கிருமி மீண்டும் குடிபுகும். ஆலையைவிட்டு வந்த மூடைக்கும் இதே விதிதான்.

இங்குதான் நெளுக்குளம் போன்ற ஊர்களின் பங்கு தொடங்குகிறது. வவுனியா நகரை அடுத்த இப்பகுதியில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் காலபோக மழையில் நிலமும் சுவரும் ஈரம் காயாதிருக்கும். மண் தரையில் வைத்த தீன் மூடையின் அடி அந்த ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் மூடையைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகைமேல் அடுக்குதல் வேண்டும். சுவரிலிருந்து ஒரு முழமேனும் தள்ளி வைத்தல் வேண்டும். எலியும் பல்லியும் பறவையும் எச்சத்தால் இக்கிருமியைக் கொண்டுவருவன. தீன் அறைக் கதவின் இடுக்கை அடைப்பதும், சிந்திய தீனை அன்றன்றே கூட்டுவதும் அவற்றை விலக்கும். கோழி எரு அள்ளிய சாக்கிலோ சவளிலோ தீனை எடுத்தல் ஆகாது. கூட்டினுள் மிதித்த செருப்போடு தீன் அறைக்குட் செல்வதும் அத்தகையதே.

வீட்டிலேயே தவிடும் பிண்ணாக்கும் மீன்தூளும் கலந்து தீன் செய்வோர் மீன்தூளிற் சிறப்பாகக் கருத்துச் செலுத்தவேண்டும். மணலில் உலரும் மீனின்மேல் காகமும் நாயும் நடமாடும். நன்கு உலர்த்தப்பெற்று, காப்பாகக் கட்டப்பெற்ற தூளையே வாங்குதல் நலம். நீர் விட்டுப் பிசைந்த தீனை ஒரு வேளைக்கு மட்டும் கலந்து, மிஞ்சியதை அகற்றித் தொட்டியைக் கழுவி வெயிலிற் காயவைத்தல் வேண்டும். இளங்குஞ்சுகளின் தீனில் இன்னும் மிகுந்த கவனம் தேவை. அவற்றின் குடலில் நல்ல நுண்ணங்கிகள் நிலைபெறாத முதல் நாட்களில் மிகச் சில கிருமிகளே அவற்றைப் பற்றிக்கொள்ளப் போதும்.

தீனைத் தூய்மையாக்கினால் மட்டும் நோய் அற்றுப்போகும் என்பதில்லை. குஞ்சு பிறந்த இடம், குடிநீர், எலி ஆகியனவும் கிருமிக்கு வழிகளாம். இலங்கையில் விலங்குத் தீன் உற்பத்தியையும் விற்பனையையும் ஒழுங்குசெய்ய 1986 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. ஆயினும் நீராவியால் ஆலை செய்யும் வேலையை வீட்டிற் செய்ய இயலாது. ஈரம் படாமற் காக்கும் வேலையை ஆலை செய்துதர இயலாது. இரண்டும் தத்தம் இடத்தில் நடைபெறுமாயின், நன்கு அவித்த முட்டையைக் குழந்தையின் கையிற் கொடுக்கும் தாய் அச்சமின்றிக் கொடுக்கலாம்.