வயிற்றில் அடிபட்டவருக்கு சிறுநீர் பரிசோதனை எதற்கு? "காயமே இல்லை" என்று வீட்டுக்கு போனால் உயிருக்கே ஆபத்து

வேடந்தாங்கல்,

சீசன் வந்துவிட்டால் பறவைகளை பார்க்க வேடந்தாங்கலுக்கு குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வந்து படாளத்தில் திரும்புகிறவர்கள் ஏராளம். வழியில் வண்டி சறுக்கி ஹேண்டில்பார் வயிற்றில் குத்தினால் வெளியே கீறல்கூட தெரியாமல் போகலாம். "ஒண்ணும் ஆகலைப்பா" என்று எழுந்து போய்விடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ரத்தம் வருகிறதா?

ஆஸ்பத்திரிக்கு போனதும் சிறுநீர் கேட்பார்கள். "அடிபட்டது வயிற்றில், இது எதுக்கு?" என்று சிலர் சலித்துக்கொள்வது உண்டு. காரணம் இதுதான். கிட்னி, சிறுநீர்ப்பை, சிறுநீர் குழாய் இவற்றில் காயம் இருந்தால் சிறுநீரில் ரத்தம் கலக்கும். சிவப்பாக போனால் கண்ணுக்கே தெரியும். கொஞ்சமாக இருந்தால் தெரியாது. பரிசோதனை பட்டையை நனைத்தால் நிறம் மாறும். மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்கள் தெரியும்.

சிவப்பாக போனாலோ, லேசான ரத்தத்துடன் ரத்த அழுத்தமும் குறைந்தாலோ டாக்டர்கள் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க சொல்வார்கள். குழந்தைகளுக்கு கிட்னியை சுற்றி கொழுப்பு குறைவு. எனவே கூடுதல் கவனம் தேவை.

இது மட்டும் போதாது

சிறுநீர் சுத்தமாக இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கக்கூடாது. மண்ணீரல், கல்லீரல், குடல் காயத்தை இந்த பரிசோதனை காட்டாது. கிட்னிக்கு போகும் ரத்தக்குழாய் அறுந்தால்கூட சில நேரம் சிறுநீரில் ரத்தம் வராது. அதனால்தான் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் சேர்த்து பார்க்கிறார்கள்.

வயிற்று வலி அதிகமாவது, வயிறு உப்புவது, தோள்பட்டை வலி, தலைசுற்றல், சிறுநீர் வராமல் அடைப்பது இவை அபாய அறிகுறிகள். உடனே 108-க்கு போன் செய்யவேண்டும். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்கக்கூடாது. வயிற்றில் எண்ணெய் தேய்த்து உருவக்கூடாது.

பணத்துக்கு பயந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் "இன்னுயிர் காப்போம் - நம்மை காக்கும் 48" திட்டம், வேடந்தாங்கலுக்கு பக்கத்தில் உள்ள மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18-ந்தேதி தொடங்கி வைக்கப்பட்டது. வெளிமாநிலத்தவருக்கும் இது உண்டு.