புது லேப்-டாப் திரையில் ஒரு புள்ளி: மாற்றுவதா, விட்டுவிடுவதா?

சென்னை,

புது லேப்-டாப். விலை ரூ.40 ஆயிரம். பாதி சீட்டு எடுத்த பணம், மீதி மாதத் தவணை. வீட்டுக்கு கொண்டு வந்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஆன் செய்தால், வெள்ளைத் திரையின் நடுவே ரவையை விட சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி. துணியால் துடைத்தாலும் போவதில்லை.

பிள்ளையின் படிப்புக்காக லேப்-டாப் வாங்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். தேனாம்பேட்டையில் இருந்து மெட்ரோ ரெயில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்து போய் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி. "ஒரு புள்ளிதானே, விடுங்க" என்பார் ஒருவர். "காசு குடுத்து வாங்குறோம், எதுக்கு விடணும்?" என்பார் இன்னொருவர். இந்த வாக்குவாதத்திலேயே ஒரு வாரம் ஓடி, மாற்றும் கெடு முடிந்து விடுவதுதான் பெரிய நஷ்டம்.

அந்த புள்ளி எங்கிருந்து வருகிறது?

இன்று சாதாரணமாக விற்கும் 'புல் எச்.டி.' லேப்-டாப் திரையில் மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கு உள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 குட்டிப் புள்ளிகள். ஆக 62 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு குட்டிப் புள்ளிக்கும் கண்ணாடியின் மேலேயே ஒரு நுண்ணிய சுவிட்ச் உண்டு. இத்தனை லட்சத்தில் ஒன்று கெட்டாலும் அந்த இடம் நிறம் மாறாது.

சுவிட்ச் மாட்டிக்கொண்டு எரிந்தபடியே இருந்தால் சிவப்பு, பச்சை அல்லது நீலப் புள்ளி தெரியும். இது சில நேரம் தானாகவே சரியாகி விடுவதும் உண்டு. கருப்புப் புள்ளி என்றால் அது செத்துப்போன புள்ளி. அது திரும்ப உயிர் பெறுவது அபூர்வம்.

'புள்ளி மேல விரலை வெச்சு அழுத்துங்க, சரியாயிடும்' என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. அதை செய்யவே கூடாது. அழுத்தியதில் திரை கீறல் விட்டால், "நீங்களே உடைச்சிட்டீங்க" என்று வாரண்டியும் போய் விடும். உள்ளதும் போச்சு கதைதான்.

கம்பெனி கணக்கு வேறு

"இதெல்லாம் நார்மல் சார், கம்பெனியே ஒத்துக்காது" என்று கடையில் சொல்வது முழுப் பொய் அல்ல. திரைகளுக்கான சர்வதேச தர விதி 2001-ம் ஆண்டு வந்தது. 2008-ல் அதற்கு பதில் புது விதி வந்தது. கம்பெனிகள் அதிகம் எடுத்துக்காட்டும் 2-ம் தரப்படி, 10 லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2, எப்போதும் கருத்திருக்கும் புள்ளி 2 வரை இருக்கலாம். அந்த கணக்கை புல் எச்.டி. திரைக்கு போட்டால் எரியும் புள்ளி 4 வரை 'நார்மல்'தான். வாங்குகிறவருக்கு இதை யாரும் முன்கூட்டி சொல்வதில்லை.

சோனி கம்பெனி 2005-ல் அமெரிக்காவில் பி.எஸ்.பி. என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை விட்டபோது, புள்ளிகள் தெரிவதாக பலர் புகார் செய்தார்கள். 'சில இடங்களில் புள்ளி தெரிவது இயல்பு, பழுது அல்ல' என்று அதன் கையேட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். ஆனால் தென்கொரியாவில் சாம்சங், 2004-ம் ஆண்டு கடைசியில், ஒரு புள்ளி கெட்டிருந்தாலும் மானிட்டர் திரையை மாற்றித் தருவதாக அறிவித்தது. ஆக, மனசு வைத்தால் முடிகிற காரியம்தான். மாடலுக்கு மாடல் விதி மாறும். பெட்டிக்குள் இருக்கும் வாரண்டி தாளை படித்துவிட்டு பேசப் போவது நல்லது.

எதை மாற்ற வேண்டும்?

கோடு இருந்தால் யோசனையே வேண்டாம். குறுக்காகவோ நெடுக்காகவோ முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டும். ஒரு கோடு சில மாதத்தில் நாலு கோடாகலாம். திரை மினுக்கினாலும் இதேதான்.

நடுத்திரையில் எரியும் புள்ளி என்றால், கெடுவுக்குள் மாற்றக் கேட்பதே சரி. படிக்கும்போது கண் அங்கேதான் போகும். நாளைக்கு விற்கப் போனாலும் அதைக் காட்டியே விலையை குறைப்பார்கள்.

ஓரத்தில் ஒரே ஒரு கருப்புப் புள்ளி, அதுவும் தேடினால்தான் தெரிகிறது என்றால் விட்டுவிடலாம். மாற்றி வரும் லேப்-டாப்பில் இதைவிட மோசமான குறை இருக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த புள்ளியைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். குறைத்தால், வாரண்டி அப்படியே உண்டு என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருட்டில், கருப்புத் திரையில், மூலைகளில் லேசாக வெளிச்சம் கசிவது பல திரைகளில் சகஜம். கண்ணை உறுத்தினால் தவிர அதற்காக அலைய வேண்டியதில்லை.

சோதனைக்கு பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என 5 நிறப் படங்களை பென் டிரைவில் கொண்டு போய், கடையிலேயே முழுத் திரையில் ஓட விட்டுப் பார்க்கலாம். 5 நிமிட வேலை. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியை பிரிப்பதையே செல்போனில் வீடியோ எடுத்து வைக்க வேண்டும். ஆன்லைன் தளங்களில் மாற்றும் கெடு பெரும்பாலும் 7 நாள்தான்.

"சர்வீஸ் சென்டர் போங்க"

கடைக்காரர் அடுத்து சொல்வது, "சர்வீஸ் சென்டர்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க". போகலாம், தப்பில்லை. ஆனால் போகும் முன்பே கடைக்கு வாட்ஸ்அப்பிலோ இ-மெயிலிலோ தேதி, போட்டோவுடன் புகார் அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால், "கெடு முடிஞ்சப்புறம்தான் வந்தீங்க" என்பார்கள். சர்வீஸ் சென்டரில் திரையை மட்டும் கழற்றி மாற்றித் தர முன்வருவார்கள். வாங்கி 3 நாள் ஆன பொருளை பிரித்து மாட்டுவதற்கு சம்மதிப்பதா என்று நிதானமாக யோசிக்க வேண்டும். ஒத்துக்கொண்டு கொடுத்துவிட்டால், பிறகு புது லேப்-டாப் கேட்பது கஷ்டம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019-ன்படி, பழுதான பொருளை பில்லில் உள்ள கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்து பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் ஒரே ஒரு புள்ளி 'பழுது'தானா என்பதற்கு சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. விளம்பரத்திலும் வாரண்டியிலும் என்ன சொன்னார்கள் என்பதை வைத்துதான் வாதாட வேண்டும். பில் இல்லாமல் ஆயிரம், இரண்டாயிரம் குறைவாக வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு புகார் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் தாங்களே வாதாடலாம். ஆன்லைன் கடை எந்த ஊரில் இருந்தாலும், குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். 2 வருடம் வரை நேரம் உண்டு. ஒரு புள்ளிக்காக கோர்ட்டு வாசல் ஏறுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் முதல் வாரத்திலேயே கடையில் பேசி முடிப்பதுதான் லாபம்.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. கடன் கொடுத்த கம்பெனி வேறு, கடை வேறு. தவணை தவறினால் அபராதமும் விழும், 'சிபில்' மதிப்பெண்ணும் குறையும்.

மாற்றி வாங்கும்போது பெட்டி, தெர்மாகோல், சார்ஜர் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். சொந்த படங்களை அழித்து, இ-மெயில் கணக்கில் இருந்து வெளியே வந்துவிட்டு கொடுக்க வேண்டும். புதிதாக தருவதன் சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் வரிசை எண் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே மாடல் ஸ்டாக் இல்லை என்று மட்டமான மாடலை நீட்டினால் வாங்க வேண்டாம். மாற்றித் தந்ததிலும் புள்ளி இருந்தால் மூன்றாவதுக்கு காத்திருக்காமல் பணத்தையே திருப்பிக் கேட்கலாம்.