நுரைச்சோலையின் நீராவி: பயனும் விலையும்

"ஃபாதர், தண்ணியக் கொதிக்க வைச்சா கறன்ட் எப்பிடி வருகுது?" நுரைச்சோலைப் பக்கம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். 1990 இல் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர் அவர். தோட்டத்துக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் புகைபோக்கியைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். அவருடைய கேள்வி நியாயமானது.

குசினியில் பானை கொதிக்கும்போது மூடி துள்ளுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு மடங்கு பெருக்கிறது. அந்தப் பெருக்கத்தை இரும்புக் குழாய்களுக்குள் அடக்கி, 500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சுழலியின் தகடுகள்மேல் பாய்ச்சினால் அது சுழலும். சுழலியோடு பூட்டிய மின்பிறப்பாக்கியும் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும். இத்தகைய சுழலியை 1884 இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் பார்சன்ஸ் ஆக்கினார். இன்றும் உலக மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி நீராவியால்தான் பிறக்கிறது. அணுமின் நிலையமும் நீரைக் கொதிக்க வைக்கும் அடுப்புத்தான். விறகு மட்டும் வேறு.

நுரைச்சோலையில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று உள்ளன. முதலாவது 2011 இலும் மற்ற இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. 1996 இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது நாடு நாள்தோறும் பல மணிநேரம் இருளில் கிடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீராவி மழையைப் பார்த்து நிற்பதில்லை. அதன் முதற் பயன் அதுவே.

இன்னொரு பயனும் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்றால் கோளாறு ஏற்பட்டு நாடே இருண்டது. குரங்கைப் பற்றிப் பகடி பேசினார்கள். உண்மையில், அன்று பகலில் மின்தேவை குறைவு. கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் ஏராளமாக வந்தது. சுழன்றுகொண்டிருந்த பாரமான இயந்திரங்கள் சிலவே. பாரமான சுழலி, ஓடும் மாட்டுவண்டியைப் போல, திடீரென்று நின்றுவிடாது, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அன்று தாங்கும் பலம் போதவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. நின்ற கொதிகலனைச் சுவிட்சைப் போட்டதும் எழுப்ப முடியாது. மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அதனால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது.

இனி விலையைப் பார்ப்போம். எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிகூட மின்சாரமாவதில்லை. மிச்சத்திற் பெரும்பகுதி, நீராவியைக் குளிர்விக்கும் கடல்நீரோடு கடலுக்கே போகிறது. சாம்பலில் ஒரு பகுதியைச் சிமெந்து தயாரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். கரித்தூள்தான் தோட்டக்காரனின் கவலை. சோழகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. ஆகவே கடல் அமைதியான மாதங்களிலேயே மலைபோலக் குவித்து வைக்கிறார்கள். பிறகு சோழகம் கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. குவியல் மிக உயர்ந்திருக்கும் வேளையிற்றான் காற்றும் மிகக் கடுமையாகிறது! மிளகாய் இலையிலும் கிணற்றுக் கட்டிலும் படியும் கருமைக்குக் காரணம் இதுவே. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு யாத்திரிகர் மரநிழலில் கூடாரமடிக்கும் ஆவணி மாதமும் சோழகக் காலந்தான். இத்திட்டத்தைச் சிலாப ஆயராயிருந்த பிராங்க் மார்க்கஸ் பெர்னாண்டோ ஆண்டகை எதிர்த்து நின்றது சும்மா அல்ல.

அதே காற்றில் மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றுக்குக் கரியும் வேண்டாம், சாம்பலும் இல்லை. ஆனால் காற்று ஓய்ந்தால் அவையும் ஓயும். நீராவி இன்னும் பல ஆண்டுகள் எம்மோடிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

எனவே நிலையத்தை மூடு என்று கோஷமிடுவதைவிட, கணக்குக் கேட்பதே இப்போது நமது வேலை. குவியலுக்கு மூடாக்கு உண்டா? காற்றைத் தடுக்கும் வேலி எத்தனை அடி உயரம்? தூசியையும் கிணற்று நீரையும் அளந்த அறிக்கை எங்கே, தமிழில் கிடைக்குமா? தகவல் அறியும் சட்டம் 2016 முதல் உண்டு, எழுதிக் கேட்கலாம். பிரதேச செயலகத்துக்குத் தனியாகப் போகாமல் பள்ளிவாசலும் கோவிலும் சேர்ந்து போனால் நல்லது. போகும்போது எந்தத் தேதியில், எந்தப் பாத்தியில், எவ்வளவு படிந்தது என்று எழுதிய கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள். சித்திரை முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். வைகாசியில் காற்றுத் திரும்பிவிடும்.