டீவி மட்டும் போதும் என்றால் இன்டர்நெட்டுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டுமா?

எனது உம்மா மாவனல்லைப் பக்கம் மலைச் சரிவில் இருக்கும் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். வாப்பா மௌத்தாகி ஐந்து வருடங்கள். தம்பி கட்டாரில் தொழில் செய்கிறான். அவன் கடைசியாக லீவில் வந்தபோது, தொலைபேசி, இன்டர்நெட், டீவி மூன்றையும் ஒரே லைனில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் இருந்த இரண்டு மாதமும் அந்த ரவுட்டருக்கு ஓய்வே இல்லை. அவன் போன பிறகு அதைப் பயன்படுத்த வீட்டில் ஆள் இல்லை. உம்மாவிடம் இருப்பது பட்டன் போன். மஃரிபுக்குப் பின் தமிழ்ச் செய்தி, நோன்பு காலத்தில் மார்க்க நிகழ்ச்சிகள், அவ்வளவுதான் அவருடைய டீவி.

ஒன்றரை வருடமாக மூன்றுக்கும் சேர்த்து பில் கட்டி வந்தோம். இன்டர்நெட்டை வெட்டினால் டீவியும் நின்றுவிடும் என்பது எனது எண்ணம். இரண்டும் ஒரே லைனில் வருவதால் இரண்டும் ஒன்றுதான் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை உம்மாவோடு கதைத்துக் கொண்டிருக்கும்போது, எத்தீம்கானாவுக்கு மாதா மாதம் கொடுத்து வந்த காசை அவர் பாதியாக்கி விட்டது தெரிய வந்தது. “கரண்ட் பில்லும் கூடிப் போச்சு மகள், இந்த பில்லும் வருது, என்ன செய்ய?” என்றார். அடுத்த நாளே அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை சொன்னது இதுதான்: “டீச்சர், டீவிக்கு எங்கட லைன் கட்டாயம் வேணும். இன்டர்நெட் பெக்கேஜ் கட்டாயமில்லை. கோலோட டீவி மட்டும் வைச்சிக்கொள்ளலாம்.”

ஒன்றரை வருடத்தில் ஒரு நாளாவது போய்க் கேட்காதது எங்கள் குறை. லைன் வேறு, அந்த லைனில் வரும் இன்டர்நெட் பெக்கேஜ் வேறு என்ற சின்ன வித்தியாசம் தெரியாமல் இருந்ததுதான் காரணம். நம் ஊர்களில் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள எத்தனையோ வீடுகளில் இதே நிலைமை இருக்கக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டீவியை மட்டும் தனியாக எடுக்கலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. படம் உங்கள் வீட்டுக்கு எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தே பதில் மாறும். இலங்கையில் பிரதானமாக நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, கூரையில் கட்டும் சாதாரண அன்டனா. 1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி ஆரம்பித்த காலம் முதல் இருக்கும் வழி இது. நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற தமிழ் அலைவரிசைகளையும் சமிக்ஞை கிடைக்கும் இடங்களில் இப்படிப் பார்க்கலாம். மாதக் கட்டணம் எதுவுமில்லை. ஆனால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் மலை குறுக்கிட்டால் படம் தெளிவாக வராது. எங்கள் வீட்டின் பிரச்சினை அதுதான். கரையோர ஊர்களிலும் சமதரையிலும் இருப்பவர்கள் வேறு எதற்கும் காசு கட்ட முன்னர் ஒரு நல்ல அன்டனாவைக் கட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, டிஷ். டயலொக் டீவி இந்த வகை. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியிலிருந்து படம் நேரே உங்கள் கூரைக்கு வருகிறது. இடையில் கம்பியும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. ஆகவே அதே நிறுவனத்தின் ரவுட்டரோ சிம்மோ வீட்டில் இருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டிய காசுக்குரிய அலைவரிசைகளை மட்டும் பெட்டி திறந்து காட்டும். ரீலோட் செய்து பார்க்கும் முறையும் இருப்பதால், நோன்பு மாதத்துக்கு மட்டும் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். குறை என்னவென்றால், கடும் மழை பெய்யும்போது சமிக்ஞை பலவீனமாகி படம் நின்று போகும். மழை விட்டதும் தானாகவே வந்துவிடும். இதைப் பழுது என்று நினைத்து ஆள் கூப்பிட்டுக் காசு கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது, தொலைபேசி லைனில் அல்லது பைபரில் வரும் டீவி. ஸ்ரீலங்கா டெலிகொம்மின் பியோ டீவி இந்த வகை. இங்குதான் குழப்பம் அதிகம். இந்த முறையில், டிஷ்ஷைப் போல எல்லா அலைவரிசைகளும் ஒரேயடியாக வீட்டுக்கு வருவதில்லை. நீங்கள் ரிமோட்டை அழுத்தியதும் பெட்டி நிறுவனத்தின் வலையமைப்பிடம் கேட்கிறது. கேட்ட அலைவரிசை மட்டும் லைனில் வருகிறது. ஒரே வீதியில் பஸ்ஸுக்கு ஒரு தடம், மற்ற வாகனங்களுக்கு ஒரு தடம் ஒதுக்குவது போல, ஒரே லைனில் டீவிக்கு ஒரு தடமும் இன்டர்நெட்டுக்கு இன்னொரு தடமும் உண்டு. டீவி தடம் பொது இன்டர்நெட்டுக்கே போவதில்லை, அந்த நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விடயங்களை விளங்கிக் கொள்ளலாம். ஒன்று, இன்னொரு நிறுவனத்தின் ரவுட்டரில் இந்தப் பெட்டியைச் செருகினால் வேலை செய்யாது. லைன் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும். இரண்டு, டீவி தடம் தனியானது என்பதால், இன்டர்நெட் பெக்கேஜ் இல்லாமலும் டீவியைத் தர முடியும். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடையில்லை. தருவார்களா, என்ன விலைக்குத் தருவார்கள் என்பதுதான் கேட்டறிய வேண்டியது.

நான்காவது, போனிலும் ஸ்மார்ட் டீவியிலும் அப் மூலம் பார்ப்பது. இதற்கு எந்த நிறுவனத்தின் இன்டர்நெட்டும் சரி. ஆனால் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் டேட்டா கழியும். சாதாரணத் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி, எச்.டி. தரத்தில் ஏறத்தாழ 3 ஜிபி போகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். மக்காவின் தராவீஹ் நேரடி ஒளிபரப்பை யூடியூபில் எச்.டி.யில் தினமும் இரண்டு மணித்தியாலம் பார்த்தால் முப்பது நாளில் 180 ஜிபி. சாதாரணத் தரத்தில் பார்த்தால் 60 ஜிபி. தரத்தை ஒரு படி குறைத்து வைப்பதால் மட்டும் மிஞ்சுவது 120 ஜிபி.

அப்படியானால் யார் எதை எடுப்பது? வீட்டில் இன்டர்நெட் பாவிக்க ஆளில்லை என்றால், அன்டனா அல்லது டிஷ் போதும். ஏற்கனவே லைன் இருந்தால், தொலைபேசியோடு டீவி மட்டும் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் இன்டர்நெட் வீட்டில் நன்றாக வேலை செய்கிறது, டீவி மட்டும் வேறு நிறுவனத்தில் எடுக்க விருப்பம் என்றால், டிஷ்தான் இலகு. அதற்காக இருக்கும் இன்டர்நெட்டை மாற்ற வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இருந்தால், இன்டர்நெட் எப்படியும் தேவை. அப்போது இரண்டையும் ஒரே நிறுவனத்தில் சேர்த்து எடுப்பது மலிவாக வரலாம். ஒரு லைனை வீட்டுக்கு இழுத்த செலவு இரண்டு சேவைகளுக்கும் பங்கிடப்படுவதால் நிறுவனத்துக்கு விலை குறைக்க முடிகிறது. சேர்த்து எடுப்பதில் தவறில்லை, தேவைப்படாததையும் சேர்த்து எடுப்பதுதான் நஷ்டம்.

கையெழுத்துப் போட முன்னர், வீட்டுக்கு வரும் முகவரிடமோ கவுண்டரிலோ இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். டீவியை மட்டும் எடுத்தால் மாதம் எவ்வளவு? சேர்த்து எடுத்து, பின்னர் ஒன்றை நிறுத்தினால் மற்றதின் விலை கூடுமா? குறைந்தது எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் ஏதும் கட்ட வேண்டுமா? பெட்டியும் ரவுட்டரும் நமக்குச் சொந்தமா, திருப்பிக் கொடுக்க வேண்டுமா? சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். விளம்பரத்தில் ஆயிரம் ரூபா என்பது பில்லில் ஆயிரமாகவே வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

பதில்களை வாயால் மட்டும் வாங்காமல், விண்ணப்பப் படிவத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். சேவையை நிறுத்தும்போதும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கி வையுங்கள். ரவுட்டரைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டால் பில் நிற்காது. நிறுவனத்தோடு கதைத்தும் தீராவிட்டால், தொலைபேசி, இன்டர்நெட் சம்பந்தமாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிலும், விலை, விற்பனை சம்பந்தமாக 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிலும் முறையிடலாம். அப்போது அந்தப் பிரதிதான் கைகொடுக்கும்.

வீண்விரயம் என்றதும் நம் மனதில் வருவது கலியாண வீட்டில் மிஞ்சும் சாப்பாடுதான். யாரும் பாவிக்காத சேவைக்கு மாதா மாதம் போகும் காசும் அதே கணக்கில்தான் சேரும். அது கண்ணுக்குத் தெரியாமல் போவதால் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. வயதானவர்கள் தாங்களாகப் போய்க் கேட்க மாட்டார்கள். பிள்ளை எடுத்துத் தந்தது என்று பேசாமல் கட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே அடுத்த முறை உம்மா வாப்பாவைப் பார்க்கப் போகும்போது, சுகம் விசாரித்த கையோடு அந்த மாத பில்லையும் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது தொலைபேசியும் டீவியும் மட்டும்தான். நான் போகும் நாட்களில் தம்பி எனது போனுக்கு வீடியோ கோல் எடுப்பான், உம்மா முகம் பார்த்துக் கதைப்பார். பில் குறைந்த முதல் மாதமே, எத்தீம்கானாவுக்கான காசைப் பழையபடி முழுதாக எடுத்து என் கையில் தந்தார்.