குடியிருந்தவர் போனபின் வரும் மின் பட்டியல்

வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரிகள் வடக்கு கிழக்கில் பலர். கணவரை இழந்தவர்களுக்கும், அவர் வருவார் என்று இன்னமும் காத்திருப்பவர்களுக்கும் மாதாமாதம் நிச்சயமாகக் கைக்கு வரும் காசு அதுவாகவே இருக்கும். குடியிருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் மூன்று கிழமை கழிய மின்சார அலுவலகத்தின் சிவப்பு அறிவித்தல் வந்தால், ஒரு மாத வாடகை அதிலேயே கரைந்துவிடும்.

இணைப்பு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரிடமே அலுவலகம் பணம் கேட்கும். பாவித்தது வேறு ஆள் என்று சொல்லிப் பயனில்லை. துண்டிக்கப்படுவது உங்கள் வீட்டு மின்சாரம். திரும்ப இணைப்பதற்கும் தனியாகக் கட்டவேண்டும்.

ஆகவே, “அக்கா, வாற மாதம் வீடு விடுறம்” என்று அவர்கள் சொன்ன அன்றைக்கே கடைசிப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நிலுவை என்ற இடத்தில் தொகை இருக்கிறதா? கட்டிய பற்றுச்சீட்டு இருக்கிறதா? படலை பூட்டியிருந்த மாதங்களில் மீற்றர் பார்ப்பவர் சராசரியாக ஒரு தொகையைப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. (நாய் நின்றாலும் அதே கதைதான்.) பட்டியலில் உள்ள இலக்கம் மீற்றரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

திறப்பு வாங்கும் நாளில் இருவருமாக மீற்றரடிக்குப் போங்கள். “தம்பி, போகமுதல் ஒருக்காப் பாப்பம் வாங்கோ” என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. திகதியையும் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்நீர் இணைப்பு இருந்தால் அந்த மீற்றருக்கும் இதுவே முறை.

கணக்குப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும். போனவர் 45 அலகு, அதே மாதத்தில் புதிதாக வந்தவர் 50 அலகு என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் 95 அலகுக்கு வரும். தனித்தனியே வந்திருந்தால் இருவருக்கும் குறைவாக வந்திருக்கும். பட்டியல் 3,800 ரூபா என்றால் ஓர் அலகுக்கு 40 ரூபா விழுகிறது. போனவரின் பங்கு 1,800 ரூபா. நாட்களைக் கொண்டு பிரிப்பதிலும் பார்க்க இது நியாயமானது. கட்டணம் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெருமளவு கூட்டப்பட்ட பிறகு, இந்தச் சிறிய கணக்குகளைச் சும்மா விடமுடியாது.

கடைசிப் பட்டியல் வரும்வரை முற்பணத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொள்வதாக, வீடு கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் வந்ததும் பிரதியைக் காட்டி மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போகும் நேரத்தில் இதைப் புதிதாகச் சொன்னால் சண்டைதான் வரும். கோபத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடவும் வேண்டாம். பிறகு குற்றம் உங்கள்மேல் திரும்பும்.

இப்போது பல இடங்களில் பட்டியல் குறுஞ்செய்தியாக வருகிறது. வசதிக்காகக் குடியிருந்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருந்தால், அவர் போன பின்னும் செய்தி அவருக்கே போகும். கணக்கிலக்கத்தோடு அலுவலகத்துக்குப் போய் உங்கள் இலக்கத்தைப் பதியுங்கள்.

இணைப்பு இன்னமும் கணவரின் பெயரில் இருந்தால், பெயர் மாற்ற என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் காணாமற்போனவராயின், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழ் பெறும் வழியை 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஏற்படுத்தியது. அது உங்களிடம் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.